ஐந்தாம் பதிப்பில் ஒருவர்

"ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு முடிவாகணும். பழசு போகுதா, நீ போறியாத்தா?"

கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் சுந்தரலிங்கம் இப்படிக் கேட்டார். சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பவானி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேலை வருடா வருடம் தலைவர் கையெழுத்தில் நீள்கிற வேலை.

காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் திராட்சை விவசாயிகளின் சங்கம் அது. தோட்டத்தில் என்றைக்கு வெட்டு, எத்தனை பெட்டி என்று விவசாயிகள் சங்கத்து வலைத்தளத்தில் பதிவார்கள். அதைப் பார்த்து வியாபாரி லாரி அனுப்புவார்.

பழைய தளம் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியின் ஐந்தாம் பதிப்பில் எழுதியது. தை மாதம் திறந்த புதிய தளத்துக்கோ எட்டாம் பதிப்பு வேண்டும். ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. அதனால் பவானி ஒரே சர்வரில் இரண்டு பதிப்பையும் ஓடவிட்டிருந்தாள். எதில் பதிந்தாலும் வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை.

தலைவருக்கு இது கூடலூர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. சொன்னவர் லேசாகச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் தலைவருக்கு ஆறவில்லை.

"புதுசு திறந்தாச்சுன்னு மாலை வாங்குனது நானு. ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா எவன் மதிப்பான்?"

இன்னும் பழசில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கமிட்டி உறுப்பினர் முத்துப்பாண்டி கேட்டார்.

"ஒரே ஒருத்தருதாண்ணே."

கூட்டம் சிரித்தது. ஒருவருக்காக ஒரு பதிப்பா, அவர் என்ன மந்திரியா என்று தலைவர் கேட்டார்.

"அவுகளுக்குப் புதுசுல நுழைய வரலைங்கய்யா. தெரியலைன்னு வாய்விட்டுக் கேக்கவும் கூச்சம். அதான் பழசுக்கே புதுசோட பச்சை நிறத்தை அடிச்சு விட்டுட்டேன். புதுசுலதான் இருக்கோம்னு நெனைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்காக."

தலைவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தான் எங்கன நிக்கிறோம்னே தெரியாத ஆளெல்லாம் தோட்டம் வச்சிருக்கான் பாரு. பேரைச் சொல்லுத்தா, போர்டுல எழுதிப் போடுவோம்."

"பேரு வேண்டாம்யா."

முத்துப்பாண்டி இரக்கப்பட்டார். ஒருவர்தானே, பாவம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். பாவம் பார்த்தால் சங்கம் உருப்படாது என்று தலைவர் அவர் வாயை அடைத்தார்.

பவானி மெதுவாக எழுந்தாள். "ஐயா, இதை நாம தனியாப் பேசிக்கிருவோமே."

"எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. எல்லாரு முன்னாடியும் நிறுத்து. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பு."

அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்தாம் பதிப்பை நிறுத்தினாள்.

ஆளாளுக்குப் போனை எடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தளம் ஓடியது. முத்துப்பாண்டி தன் தோட்டத்து வெட்டையே பதிந்து காட்டினார்.

தலைவருக்கு மனம் குளிர்ந்தது. அவருக்கும் மறுநாள் வெட்டு. அதற்குமேல் பழம் ஒருநாள்கூடத் தாங்காது. போனை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இந்த வயசுல நானே எப்படிப் பதியுறேன்னு எல்லாரும் பாத்துக்கங்க. அந்த ஆளுக்கும் போய்ச் சொல்லுங்க."

தட்டினார். திரை வெள்ளையாக நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி தட்டினார். அப்போதும் வெள்ளைதான்.

எங்களுக்கெல்லாம் நன்றாக ஓடுகிறதே என்றார்கள் சுற்றி இருந்தவர்கள்.

தலைவர் பவானியை முறைத்தார்.

"ஏத்தா, பழசைத்தான நிறுத்தச் சொன்னேன். நான் வச்சிருக்குற புதுசை எதுக்கு நிறுத்துன?"