நான்காம் எண் தட்டு

நான்காம் எண் கேக்கை நடுவர் அம்மாள் வெட்டிய கத்தியில் க்ரீம் ஒட்டியிருந்தது. கேக் போட்டிக் கூடாரத்தில் இருந்த அத்தனை கண்களும் ஹெஸ்டர் பக்கம் திரும்பின.

அவள் நகரத்திலிருந்து வந்து இந்த ஊரில் டீக்கடை போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. மாதர் சங்கத்தில் அவளைச் சேர்ப்பதா என்று இன்று மாலை ஓட்டெடுப்பு. சேர்க்காவிட்டால் சங்கக் கட்டடத்திலிருந்து கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

வெளியே கோடை மழை. வாசலை ஈரக் குடைகள் அடைத்து நின்றன. நழுவவும் வழியில்லை.

"விக்டோரியா கேக்குக்குள்ள க்ரீமா?" சங்கத் தலைவி லவினியா க்ரேக்கின் குரலில் கூடாரத் துணியே அதிர்ந்தது. "மகாராணி பேரை வச்ச கேக்கு! நடுவுல ராஸ்பெர்ரி ஜாம், மேல சர்க்கரை, அவ்வளவுதான் விதி. இருபத்திரண்டு வருஷமா கோப்பை எனக்குத்தான். ஒரு சொட்டு க்ரீம் தொட்டிருப்பேனா?"

"நான் ஜாம் மட்டும்தான் வச்சேன், மிஸஸ் க்ரேக்."

"அப்ப, கடையில க்ரீம் விக்கிறது யாரும்மா? நானா?"

யாரோ சிரித்தார்கள். மேசையில் ஏழு கேக்குகள், ஏழும் ஒரே மாதிரி வெள்ளைத் தட்டில். எது யாருடையது என்பது தட்டின் அடியில் ஒட்டிய சீட்டுக்குத்தான் தெரியும்.

"சீட்டைப் பாத்துடலாமே," என்றாள் ஹெஸ்டர்.

"முடிவு சொல்றதுக்கு முன்னாடியா? ஒரு விதியை மீறினது போதாதா?"

பின்வரிசையில் லவினியாவின் கணவர் ஹம்ஃப்ரி கனைத்தார். "லவினியா, ஒரு நிமிஷம்..."

"நீங்க சும்மா இருங்க, ஹம்ஃப்ரி. சமையலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

லவினியா ஒரு தாளை ஹெஸ்டர் முன்னால் தள்ளினாள். "சங்கத்துல சேர விருப்பமில்லைன்னு எழுதிக் குடுத்துடு. மரியாதையா முடிஞ்சிடும்."

சுற்றிலும் பார்த்தாள் ஹெஸ்டர். பரிந்து பேச ஓர் ஆள் இல்லை. பேனாவை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் நடுவர் அம்மாள். "முதல் பரிசு, எண் இரண்டு. எண் நான்கு தள்ளுபடி. முடிவு சொல்லியாச்சு. இனி சீட்டைப் பாக்கலாமில்ல?"

நான்காம் தட்டைத் தூக்கிச் சீட்டைப் பிரித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. லவினியாவிடம் நீட்டினார்.

லவினியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பின்னாலிருந்து ஹம்ஃப்ரி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்:

"க்ரீம் இல்லேன்னா வீட்டுல நீ தொடவே மாட்டியே, லவினியா... அந்தப் பழக்கத்துல வச்சுட்டேன்!"