நடுவில் நிற்பவன்

"கீழ இருக்கிற ஆளுக்குத் தகவல். மேல்தளம் ரொம்ப நேரம் தாங்காதாம்."

வாக்கி-டாக்கியில் மச்சினனின் குரலைக் கேட்டதுமே, அடித்தளத்தில் தீயணைக்க இறங்கியிருந்த அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு ஆளே கிடைக்கவில்லையா? இந்த வாயைத்தானா கொண்டுவந்து படிக்கட்டில் நிறுத்த வேண்டும்?

ஆனால் யாராவது ஒருவர் நின்றாக வேண்டும். தரைக்கு அடியில் இரண்டு தளம் இறங்கிவிட்டால், தெருவோடு பேச, தீயணைப்பு நிலையம் கொடுத்த வாக்கி-டாக்கி வெறும் செங்கல்தான். கீழே இருப்பவன் செத்தானா பிழைத்தானா என்பதுகூடத் தெருவில் நிற்கும் அதிகாரிக்குத் தெரியாது. அதனால் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவனை நிறுத்துவார்கள். அவனுக்கு மேலேயும் கேட்கும், கீழேயும் கேட்கும். நடு ஆள் என்று அவனுக்குப் பெயர்.

நடு ஆளுக்கு ஒரே சட்டம்தான். கேட்டதை அப்படியே சொல். உன் சரக்கைச் சேர்க்காதே.

மச்சினன் அதில் கெட்டிக்காரன். அதிகாரி கெட்ட வார்த்தையில் திட்டினால் அதையும் ஒன்றுவிடாமல் இறக்கி வைப்பான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

மற்றபடி இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருஷம் வீட்டில் எல்லோர் முன்னாலும் அவன் தன் மனைவியை, மச்சினனின் அக்காவை, கைநீட்டி அடித்தான். அவள் தம்பி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவள் மறுநாளே அழுது முடித்துவிட்டாள். தம்பிதான் முடிக்கவில்லை.

ஒரே ஷிப்ட், ஒரே வண்டி. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "அந்த ஆளைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்று டிரைவரிடம் சொல்வார்கள். "நான் என்ன தபால்பெட்டியா?" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொள்வான்.

இன்றைக்கு நடுவில் டிரைவரும் இல்லை.

கார்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. புகையில் தன் கையே தெரியவில்லை. கூட வந்தவனுக்குச் சிலிண்டரில் காற்று குறைந்து, அவன் முன்னமே ஏறிப் போய்விட்டான். கார் நிறுத்துமிடத்தின் காவலாளி மட்டும் இன்னும் மேலே வந்து சேரவில்லை. அவனுடைய கண்ணாடிக் கூண்டைத் தடவிப் பார்த்தாயிற்று. காலி.

அப்போதுதான் கேட்டது. கடைசிச் சுவரின் பக்கமிருந்து, டொக் டொக் என்று. நின்றது. மறுபடி டொக் டொக்.

அவன் பொத்தானை அழுத்தினான்.

"மேல இருக்கிற ஆளுக்குத் தகவல். தட்டுற சத்தம் கேக்குது. அந்தப் பக்கம் போறேன்."

பதில் இல்லை. வெறும் இரைச்சல். வேண்டுமென்றே காக்க வைக்கிறான், திமிர் பிடித்தவன் என்று அவன் பல்லைக் கடித்தான்.

பிறகு குரல் வந்தது. வழக்கமான அதே மரத்த குரல்.

"காவலாளி மேல வந்தாச்சு. கேக்குறது காங்கிரீட் வெடிக்கிற சத்தம். உடனே வெளிய வரச் சொல்லி உத்தரவு."

அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை எதிர்க்கேள்வி கேட்டிருப்பான். இவனிடம் கேட்பதா? மேலும், எவ்வளவு பெரிய பகையாளியாக இருந்தாலும் வாக்கி-டாக்கியில் இவன் ஒரு சொல்லைக் கூட்டியதும் கிடையாது, குறைத்ததும் கிடையாது.

திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் காங்கிரீட் தட்டிக்கொண்டே இருந்தது.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்ற மச்சினன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் ஏறிப் போனான். இருவரும் தெருவெளிச்சத்துக்கு வந்து நாலு அடி வைப்பதற்குள் பின்னால் அந்த மேல்தளம் இடிந்து கீழே விழுந்தது. வாசல் வழியாகப் புழுதியும் சூடும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன.

முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் சாலையோரத்தில் உட்கார்ந்தான். அதிகாரி ஓடிவந்தார்.

"நல்லவேளை, நீயாவது வந்தே. காவலாளி இருக்கிற இடம் தெரிஞ்சுதா?"

அவனுக்குப் புரியவில்லை. "அவர் மேல வந்தாச்சுன்னு நீங்கதானே சார்..."

"நானா? உன்னை வெளிய வரச் சொன்னேன். அவ்வளவுதான்."

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். மச்சினன் வண்டியில் சாய்ந்து, கையிலிருந்த வாக்கி-டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி அடுத்த வண்டியை நோக்கிக் கத்திக்கொண்டே போய்விட்டார்.

"தட்டுற சத்தம் கேக்குதுன்னு உங்கிட்ட சொன்னேனேடா."

"காவலாளி வந்தாச்சுன்னு சொல்லாட்டி நீ வந்திருப்பியா?" பெண் கொடுத்த நாளிலிருந்து 'நீங்க' போட்ட வாய், முதல் தடவையாக 'நீ' போட்டது. "உனக்காக ஒண்ணும் இல்ல. நீ செத்துட்டேன்னு அக்காகிட்ட யார் போய்ச் சொல்றது?"

அவனுக்கு அடிக்கக் கை எழவில்லை. நன்றி சொல்ல நாக்கு கூசியது.

கயிறு கட்டித் தடுத்த இடத்தைத் தாண்டி ஒரு பெண் வந்து அவர்கள் முன்னால் நின்றாள். கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. கண் மட்டும் புகை கக்கும் வாசலிலேயே இருந்தது.

"கூண்டுல இருக்கிறவர் என் வீட்டுக்காரர்தாங்க. கையில எப்பவும் தடி வச்சிருப்பாரு. மாட்டிக்கிட்டா அதால தட்டுவாரு. தட்டினா உங்களுக்குக் கேக்கும்ல?"

அவள் அவன் முகத்தையும் மச்சினன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் எழுந்து மச்சினனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவள் முன்னால் இழுத்து நிறுத்தினான்.

"நடு ஆள்தானே நீ? நான் சொன்னதை அப்படியே சொல்லு."