பச்சைன்னு யார் சொன்னது?

இன்று சாயந்திரத்தோடு ரேடியோவை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார்.

நூல், பட்டன், ஜிப் விற்கிற கடை. ஆட்கள் துணியோடு வருவார்கள், அதே நிறத்தில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இதில் ரேடியோ ஓயாமல் பேசுகிற மூளைக்கும் காலத்துக்கும் என்ன வேலை என்று மேனேஜருக்கு விளங்கவில்லை. அவர் இந்தக் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் தலை கிறுகிறுத்தது.

கவுண்டரில் இரண்டு பேர், இருவருக்கும் கடையில் பட்டப்பெயர்தான். நூல் எடுத்துக் கொடுப்பவர் கப்சிப். கேட்ட கேள்விக்குக்கூடத் தலையைத்தான் ஆட்டுவார். பக்கத்தில் பில் போடுபவர் ரேடியோ. பில் நின்றாலும் பேச்சு நிற்காது.

காலையில் ஒரு அம்மா திரைச்சீலைத் துணியை நீட்டினார். கப்சிப் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவ்வளவுதான், ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

"இது பச்சைன்னு யார் சொன்னது? கண்ணு சொல்லலை, மூளை சொல்லுது. அதோ மூணாவது தட்டு, கடைசிப் பெட்டியில இருக்கிறதும் பச்சைன்னு அதே மூளைதான் சொல்லுது. ரெண்டு தடவையும் அது புளுகியிருந்தா?"

கப்சிப் நூலை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா துணியையும் நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது பச்சையாகத்தான் இருந்தது, இப்போது சந்தேகமாக இருக்கிறதே என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

மேனேஜர் ரேடியோவை உள்ளே கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரு முன்னுரை வேண்டும். அதாவது பாருங்க, வர்றவங்க நேரம் வீணாகுது. அதாவது பாருங்க, பக்கத்துல ஒருத்தர் எவ்வளவு அமைதியா வேலை பார்க்கிறார்.

நேரம் வீணாவதற்கு முதலில் நேரம் என்று ஒன்று இருக்க வேண்டாமா சார், போனது இல்லை, வரப்போவது வரவில்லை, நடுவில் இருப்பதைப் பிடிப்பதற்குள் அதுவும் போய்விடுகிறதே என்று ரேடியோ கேட்டது.

மேனேஜர் கொஞ்ச நேரம் உண்மையிலேயே யோசித்தார். அப்புறம், தான் யோசித்ததை நினைத்தே அவருக்குக் கோபம் வந்தது.

"சாயந்திரத்தோட நின்னுக்கங்க. அதுவரைக்கும் பின்ரூம்ல உக்காந்து பட்டன் பிரிங்க. சத்தம் வரக்கூடாது."

"எந்த வேலை வேணா குடுங்க சார். கவுண்டர் பக்கத்துல இருந்தே செய்யறேனே."

"முடியாது."

கடை அமைதியானது. மேனேஜர் நிம்மதியாக டீ வரவழைத்தார்.

ஒரு தையல்காரர் வந்து சட்டைத் துணியை வைத்தார். கப்சிப் துணியைப் பார்த்தார். நூல் வரிசையைப் பார்த்தார். பின்ரூம் கதவைப் பார்த்தார். அவர் கை தட்டுத் தட்டாகத் தடவிப் போய் ஒரு கண்டை எடுத்தது.

பழுப்பு.

விளையாடறீங்களா அண்ணே என்று தையல்காரர் சிரித்தார். அடுத்து வந்தது செங்கல் நிறம். தையல்காரரின் சிரிப்பு நின்றது. அண்ணே, இது கரும்பச்சைத் துணி என்று கடைக்கே கேட்கும்படி சொன்னார். கப்சிப்பின் நெற்றி வியர்த்துவிட்டது. மேனேஜர் டீயைக் கீழே வைத்தார்.

பின்ரூமிலிருந்து குரல் வந்தது.

"கரும்பச்சைங்கிறாரே, அவர் மூளையை அவர் பார்த்திருக்காரா? நாலாவது தட்டு, ஜன்னல் ஓரப் பெட்டி. அது அங்க இருக்குன்னு நாம நினைக்கிறதே ஒரு பழக்கம்தானே?"

மேனேஜர் அதட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் கப்சிப்பின் கை நேராக நாலாவது தட்டுக்கு, ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தது. அச்சு அசல் கரும்பச்சை.

திறந்த வாயை மூடாமலே மேனேஜர் பின்ரூமுக்குப் போனார். எத்தனை நாளாக இது என்று கேட்டார்.

நாள் என்றால் என்ன சார் என்று தொடங்கிய ரேடியோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போன வருஷம் அவன் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தான், அதுலேருந்து. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவனுக்கு ஒண்ணாத் தெரியுது. என்கிட்ட அவன் சொல்லலை, நானும் கேக்கலை. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவான் சார். என்னை லூசுன்னே நினைச்சுக்கட்டும்."

மேனேஜர் தனக்கு வந்த டீயை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு மெதுவாகத் தன் சீட்டுக்கே வந்தால் போதும் என்றார்.

வெளியே ஒரு பெண் கவுன் துணியோடு நின்றிருந்தாள். செக்கச்செவேல் என்ற துணி. கப்சிப் அதைக் கையில் பிடித்தபடி பின்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதாவது பாருங்க, இது சிவப்புன்னு யார் சொன்னது? ரெண்டாவது தட்டு, முதல் பெட்டியில இருக்கிறதையும் என் மூளை சிவப்புன்னுதான் சொல்லுது. இந்த மூளையை நம்பலாமா, நீங்களே சொல்லுங்க."