முந்நூறு டிகிரியில் ஒரு நேர்கோடு

திரையில் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு துடிப்புகூட இல்லை. அதைப் பார்த்து அவன் கைதட்டிச் சிரித்தான்.

"முந்நூறு டிகிரி! இன்னும் சூடே கிளம்பல, பாத்தியா?"

லித்தியம் பேட்டரிக்குள் வைக்கும் ஆனோடுத் தூளுக்கான சோதனை அது. சூடேற்றும்போது தூள் தானும் சேர்ந்து கொதித்தால் கோடு எகிறும். அந்த பேட்டரி ஒருநாள் தீப்பிடிக்கும். ஆறு வருடமாக எகிறிக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஆறு வருடமும் தூளை அரைத்து, சலித்து, இந்த மெஷினோடு மல்லுக்கட்டியவள் அவன் மனைவி. 'இது முடியட்டும்' என்று குழந்தையைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

இன்று ஆய்வக டைரக்டர் வருகிறார் என்றதும் அவனே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். காலையில் மெஷினைச் சரிபார்க்க அவள் எடுத்துவைத்திருந்த தட்டை இழுத்தான். மூடி போட்ட இரண்டு குட்டி அலுமினியக் கிண்ணங்களையும் உள்ளே வைத்தான். ஒன்றில் தூள் இருக்க வேண்டும், ஒப்பிட இன்னொன்று காலியாக. சோதனையின் முறை அதுதான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"தொணதொணக்காத. தள்ளு."

மேஜையில் இருந்த அறிக்கையை அவள் புரட்டினாள். முதல் பக்கத்தில் அவன் பெயர் மட்டும்.

"என் பேரு எங்கங்க?"

"வீட்டுக்கு ஒரு பேர் போதாதா? நீ கூடமாட ஒத்தாசை பண்ணினே, அவ்வளவுதானே."

"கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் நம்ம பேர் சேர்ந்து வர்றது இதுலதான்னு சொன்னீங்களே?"

"அப்ப என்னென்னமோ சொல்லுவோம். அதையெல்லாம் புடிச்சுக்கிட்டு..."

அவள் கை லேப் கோட்டின் பைக்குள் போனது. "எதுக்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாங்க."

"வயித்தெரிச்சல்! கண்ணு வைக்காம சும்மா இரு."

டைரக்டர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிரமாதம்யா! சோதனை யாரு செஞ்சது?"

"நான்தான் சார். கிண்ணம் வச்சதுலேர்ந்து எல்லாம் நானே, தனி ஆளா."

"இவங்க கை படவே இல்லியா?"

"இல்ல சார்."

டைரக்டர் அவளைப் பார்த்தார். அவள் பையிலிருந்து கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் மூடி போட்ட ஒரு குட்டிக் கிண்ணம்.

"நிஜமாவே படல சார். தூள் போட்ட கிண்ணம் இதோ. அவர் வச்சது ரெண்டுமே காலி."