தட்டிக்கு அந்தப் பக்கம்

மறுபடியும் கொல்லென்று ஒரு சிரிப்பு.

சகாயராணி டீச்சர் சாக்பீஸை மேசையில் விட்டெறிந்தார். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை.

நீளமான ஒரே ஹால். நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு 'ஏ', அந்தப் பக்கம் 'பி'. இரண்டுக்கும் முதல் பீரியட் கணக்குதான். 'ஏ' பிரிவு சகாயராணிக்கு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். 'பி' பிரிவு பிராங்கிளினுக்கு. ஜூனில் தற்காலிகமாக வந்து சேர்ந்த இளவட்டம்.

"தண்ணி டேங்க் எம்புட்டு உயரம்னு மேல ஏறாமக் கண்டுபிடிக்கணும். எப்படி?" தட்டியைத் தாண்டி பிராங்கிளின் குரல் வந்தது.

"ஏறாம எப்படி சார் முடியும்?"

"அப்ப ஏறு அப்பு. மேல நின்னு கயித்த விடுவியா, நீயே விழுந்து அளப்பியா?"

அதற்கும் சிரிப்பு. "நெழல அளந்தா என்ன சார்?" என்று ஒரு குரல். அதெல்லாம் ஆகாது என்று நாலு குரல். ஆகும் என்று பத்துக் குரல்.

டீச்சர் தன் வகுப்பைப் பார்த்தார். போர்டில் எழுதிப் போட்டதைப் பார்த்து நாற்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. பாவம், இந்த இரைச்சலிலும் எப்படித்தான் படிக்கிறதுகளோ.

விறுவிறுவென்று தலைமையாசிரியர் கண்ணன் அறைக்குப் போனார்.

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுலகூட ஏலம் முடிஞ்சா சத்தம் அடங்கிரும் சார். இங்க பெல் அடிச்சாலும் அடங்க மாட்டேங்குது."

"சின்ன வயசு டீச்சர். ஏதோ ஆர்வத்துல பண்றாரு."

"ஆர்வமா? வாத்தியாருன்னா மொதல்ல கிளாச அடக்கத் தெரியணும். என் கிளாசுல வந்து பாருங்க. அரையாண்டுல அம்புட்டுப் பேரும் பாஸ். இத்தன வருஷத்துல எனக்கே இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்ல. எல்லாம் அடக்கத்துல வந்த மார்க்கு சார்."

கண்ணன் மார்க் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். "என்ன செய்யலாங்கிறீங்க?"

"'பி' பிரிவ பின்கட்டடத்துக்கு மாத்துங்க. அடுத்த வருஷம் இவரு நமக்கு வேணாம்னு பள்ளிக்கூடக் கமிட்டிக்கு எழுதுங்க. மொதக் கையெழுத்து நான் போடுறேன்."

பிராங்கிளினைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

"தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கங்க டீச்சர். நாளைக்கு டேங்குக்கே பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"ஏன், தட்டிக்குள்ள கத்துனது பத்தலையா? ஊருக்கே கேக்கணுமா?"

மதியமே பெஞ்சுகள் பின்கட்டடத்துக்குப் போயின. சாயங்காலம் கமிட்டிக்குக் கடிதமும் போயிற்று. சொன்னபடி முதல் கையெழுத்து சகாயராணி டீச்சருடையதுதான்.

மறுநாள் முதல் பீரியட். தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நிம்மதியாகப் போர்டை நிறைத்துவிட்டு டீச்சர் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசி பெஞ்சில் குசுகுசுவென்று ஆரம்பித்தது. அது நடு பெஞ்சுக்கு வந்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள். செத்த நேரத்தில் நாற்பது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் ஸ்கேலால் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"என்ன பழக்கம் இது? ஜூன் மாசத்துலருந்து ஒருநாள் வாயத் தொறந்திருப்பீங்களா? இன்னைக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

எல்லோரும் தமிழ்மதியைப் பார்த்தார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சொல்லு தமிழ்மதி. நீ பொய் சொல்ல மாட்ட."

"நேத்து வரைக்கும் நாங்க பேசினா, பிராங்கிளின் சார் நடத்துறது கேக்காது டீச்சர்."