மூக்கு கண்டுபிடித்த எண்ணெய்

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார், கேமராவுல தெரியட்டும்" என்று சொல்லி, தலைமை ஜியாலஜிஸ்டுக்குப் புது ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள் அவருடைய உதவியாளர்.

அவர் கையில் இருந்த குப்பியில், எண்ணெய் தேடித் துளைத்த கிணற்றிலிருந்து வந்த சேறு. அதன் மேல் பளபளவென்று எண்ணெய் படர்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக்கே முதல் எண்ணெய் என்பதால் நிருபர்கள் முண்டியடித்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு இவள் வரைந்த வரைபடத்தை வைத்துத்தான் வேறோர் இடத்தில் எரிவாயு கிடைத்தது. விருது வாங்கிக்கொண்டவர் இவர். கேட்டதற்கு, "கோடு போட்டவங்களுக்கெல்லாம் விருது குடுக்க முடியுமாம்மா?" என்று சிரித்தார். அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மூக்கு'. எண்ணெயை மோந்தே கண்டுபிடித்துவிடுவாராம்.

ஒரு வார லீவு முடிந்து நேற்றுக் காலைதான் வந்திருந்தார். அந்த வாரத்தில் துளை போடும் குழாய் பூமிக்கடியில் சிக்கிக்கொண்டு, அதை வெளியே எடுப்பதற்குள் இவளுக்கும் ஆட்களுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி அறிக்கைகளை நீட்டினாள். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

பிறகு சேற்றை அள்ளி மோந்தார். முகம் மலர்ந்தது.

"லேப் ரிசல்ட் வரட்டுமே சார்" என்றாள், ஒரு பேச்சுக்கு.

"லேப் என்ன பெரிய லேப்? எனக்கு மூக்கு இருக்கு. நீ பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடு."

கூப்பிட்டாள். ஒருவரையும் விடாமல் கூப்பிட்டாள்.

"இந்தக் கண்டுபிடிப்புல வேற யாருக்காவது பங்கு உண்டா சார்?" என்று இப்போது ஒரு நிருபர் கேட்டார். கேள்வியை அவருக்கு எழுதிக் கொடுத்ததே இவள்தான்.

"யாருக்கும் இல்ல. முழுக்க முழுக்க என் முடிவு. எது வந்தாலும் என்னைத்தான் சேரும்."

நாடு முழுக்க நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் காது குளிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் அவருக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்துவிட்டது. "உன் பேரையும் ஒரு ஓரத்துல சொல்லியிருக்கலாம். மறந்தே போச்சு. மனசுல வச்சுக்காதம்மா."

"நல்லதாப் போச்சு சார். சிக்கின குழாய் வழுக்கி வரட்டும்னு நாங்க ஊத்தின டீசல்தான் அது."