அசல் நிலை

டெய்சிராணிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போயிற்று. அதனால் தன் 1964ஆம் வருடத்து ஃபியட் காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி நாற்பது வருடமாக ஓட்டிவருகிறாள். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். காரின் பழைய பதிவு இந்த மாதத்தோடு முடிகிறது. ஐம்பது வருடம் தாண்டிய கார்களுக்குத் தரும் வின்டேஜ் பதிவு கிடைக்காவிட்டால் உடைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வண்டி அருமையா இருக்கும்மா. அந்தக் கம்பிதான் கம்பெனி வெச்சதில்ல. அசல் நிலையில இருந்தாத்தான் பதிவு. கழட்டிட்டு வாங்க."

"கழட்டிட்டா நான் எப்படி சார் ஓட்டுவேன்?"

"இதெல்லாம் கண்காட்சில நிறுத்தற வண்டி. நீங்க எதுக்கு ஓட்டணும்?"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. ஊன்றுகோலோடு படியிறங்கினாள். காரை எடுத்து அலுவலக கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினாள். டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கம்பியைக் கழற்ற ஆரம்பித்தாள். துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் வரவில்லை. விரல் முட்டியில் தோல் உரிந்தது. தகுதிச் சான்றுக்கு வந்த லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே நின்றன.

திரும்பப் படியேறி, கம்பியை அதிகாரியின் கோப்புகள்மேல் வைத்தாள்.

"கழட்டியாச்சு சார். வண்டி கேட்டுல நிக்குது. சாவி என்கிட்ட இருக்கு, யாருக்கும் தரமாட்டேன். நான்தான் எடுக்கணும். எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க."

வெளியே ஹாரன்கள் அலறத் தொடங்கின. அவர் எழுந்து நின்றார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.